கள்ளுக் கலந்த பண்டம்

நான் சுகாதாரம் படிப்பிக்க வந்ததற்கு என்னுடைய சுத்தம் காரணம் அல்ல. அந்தப் பள்ளிக்கூடத்தில் நாங்கள் மூன்றே பேர். பெரிய வாத்தியாருக்குத் தமிழைத் தவிர மற்றப் பாடமெல்லாம் வேண்டாத உறவு. கணக்கு வாத்தியார் மூக்குத்தூள் போடுகிறவர். மூக்குத்தூள் டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு புகையிலையின் தீமையைப் பற்றிப் பேசினால் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்று பெரிய வாத்தியார் தீர்ப்புச் சொல்லிவிட்டார். மிஞ்சியவள் நான். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து சில மாதங்கள்கூட ஆகவில்லை. ஊர் நாய்களுக்கே இன்னும் பழக்கமாகாத என்னை வவுனியாவுக்குப் பஸ் ஏற்றிச் சுகாதாரப் பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார்கள்.

அங்கே ஒரு சுகாதாரப் பரிசோதகர் நகம் பார்ப்பது, தலை பார்ப்பது, பல் பார்ப்பது எல்லாம் செய்து காட்டினார். கொதித்தாறிய தண்ணீர், கொக்கிப்புழு, மலசலகூடம் என்று ஒழுங்காகப் போய், கடைசி நாளில் கள், சாராயம், சுருட்டு, கஞ்சா என்று முடித்தார். திரும்பி வரும்போது துணியில் ஒட்டிய ஒரு பெரிய படத்தையும் தந்துவிட்டார். ஒரு பக்கம் நல்ல ஈரல், மறுபக்கம் குடிகாரனின் ஈரல். அந்தப் படத்தைச் சுருட்டி மடியில் வைத்துக்கொண்டு முல்லைத்தீவு பஸ்ஸில் வந்தபோது, நாட்டையே திருத்தப் போகிறவள்போல ஒரு நினைப்பு எனக்கு. தண்ணீரூற்றுச் சந்தியில் இறங்கி மணல் வழியில் நடக்கத் தொடங்கியதும் அந்த நினைப்பு வியர்வையோடு போய்விட்டது.

பள்ளிக்கூடம் தென்னோலைக் கிடுகால் வேய்ந்த ஒரு நீளக் கொட்டில். நாலு பக்கமும் அரைச்சுவர். உள்ளே நடப்பதை ரோட்டால் போகிறவர் எல்லாரும் பார்க்கலாம், வேண்டுமானால் நின்று அபிப்பிராயமும் சொல்லலாம். நான் ஈரல் படத்தைத் தொங்கவிட்ட முதல் நாளே ஒரு பையன் எழும்பி, "ரீச்சர், இது ஆட்டீரலோ மாட்டீரலோ?" என்று கேட்டான். மனிதனுடையது என்றேன். வகுப்பு முழுக்க முகத்தைச் சுளித்தது. ரோட்டில் சைக்கிளை நிறுத்திவிட்டுப் பார்த்துக்கொண்டு நின்ற மீன்காரர், "ஆரின்ர ஈரல் பிள்ளை?" என்று விசாரித்தார்.

கள்ளைப் பற்றிய பாடத்துக்கு நான் பல நாள் ஆயத்தம் செய்திருந்தேன். "கள் என்றால் என்ன?" என்று தொடங்கினேன். அத்தோடு என் வேலை முடிந்தது. மீதிப் பாடத்தை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள்.

"விடியக்காலைக் கள்ளு இனிக்கும் ரீச்சர். பின்னேரம்தான் புளிக்கும்."

"தென்னங்கள்ளுக் குடிச்சால் அப்பா பாடுவார். பனங்கள்ளுக் குடிச்சால் அடிப்பார்."

"கள்ளு முட்டியில எறும்பு விழுந்தால் துணியால வடிக்க வேணும். வடிக்காட்டி நாக்குக் கடிக்கும்."

கள்ளைக் கண்ணால்கூட ஒழுங்காகப் பார்த்திராத எனக்கு, எட்டு ஒன்பது வயதுக்காரர்கள் வகுப்பெடுத்தார்கள். இதெல்லாம் எப்படித் தெரியும் என்று கேட்டேன். என்னைப் பார்த்து அவர்களுக்குப் பரிதாபமாக இருந்திருக்க வேண்டும். "நாங்கள்தானே ரீச்சர் வாங்கியாறது" என்றார்கள். யார் யார் என்று கேட்டேன். கை தூக்காத பிள்ளையைத் தேட வேண்டியிருந்தது.

ஊர் வழக்கம் அது. ஆண்களில் அனேகர் விடியமுன் வயலுக்குப் போய்விடுவார்கள். கள் இறக்கும் சீவல்காரர் மரத்தால் இறங்கும் இடத்துக்குப் பெண்கள் போவதில்லை. அப்படியானால் போத்தலோடு போக யார் இருக்கிறார்கள்? பிள்ளைகள்தான். விடியப்புறம் எழுப்பி அனுப்பும்போது தாய்மார் ஒரு வசனமும் சொல்லிவிடுவார்கள்: "அப்பத்துக்கு எண்டு கேள்." அப்ப மா புளித்துப் பொங்குவதற்கு ஒரு மிடறு கள் விடுவது உண்மைதான். எங்கள் வீட்டிலும் அம்மா அப்படித்தான் செய்தவா. ஆனால் அந்த ஊரில் அப்பத்துக்கென்று வாங்கிய கள்ளெல்லாம் அப்பத்துக்குத்தான் போயிருந்தால், வீட்டுக்கூரையை அப்பத்தால் வேய்ந்திருக்கலாம். சீவல்காரரும் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல் "அப்பத்துக்கோ?" என்று கேட்டுப் போத்தல் நிறைய வார்ப்பார்.

இதைக் கேட்டு நானும் சிரித்தேன். சிரிப்பு நின்றது பல் பரிசோதனையில்.

தினமும் காலையில் பிள்ளைகளை வரிசையில் நிறுத்தி, வாயைத் திறக்கச் சொல்லிப் பார்ப்பேன். நாலாம் வகுப்பில் ஒரு பெண். பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்து ரோட்டு முடக்கில் அப்பம் சுட்டு விற்கும் அக்காவின் மகள். கேள்வி கேட்டு முடியமுன் பதில் சொல்கிறவள், பாடும்போது மற்றவர்களைவிட ஒரு சொல் முன்னே ஓடுகிறவள். அவள் வாயைத் திறந்தபோது புளித்த வாசம் வந்தது. என்னடி இது என்றேன். "அப்பம் திண்டனான் ரீச்சர்" என்றாள். சுடச்சுட அப்பம் தின்றால் கொஞ்சம் அந்த வாசம் வரும்தான். மற்றப் பிள்ளைகளில் பாதிப் பேரின் வாயிலும் அது இருந்தது, என் வாயிலும் இருந்திருக்கும். அவள் அம்மாவின் அப்பத்தைத் தின்னாமல் ஒருவரும் அந்த முடக்கைக் கடந்ததில்லை.

ஆனால் எனக்குள் அது உறுத்திக்கொண்டே இருந்தது. அந்தப் பெண் இப்போதெல்லாம் இடைவேளைக்கு முன்பே தான் இருக்கும் வாங்கிலேயே தலையைச் சாய்த்து நித்திரையாகிவிடுகிறாள். ஆறாம் வாய்ப்பாட்டை ஒரே மூச்சில் சொன்னவள் நடுவில் நின்று கூரையைப் பார்க்கிறாள். கேட்டால் அப்பம் என்கிறாள். அப்பம் இல்லை என்று நிரூபிக்க எனக்கு வழி இல்லை. எனக்குப் பயமாக இருந்தது. அவள் கையில் போத்தலைக் கொடுக்காமல் இருக்கச் செய்ய வேண்டும், அது மட்டும்தான் எனக்கு வேண்டியிருந்தது. ஈரல் படமும் நாட்டுத் திருத்தமும் எக்கேடு கெட்டாலும் பரவாயில்லை.

பெரிய வாத்தியாரிடம் போனேன். பிள்ளைகள் எல்லாரையும் தினமும் காலையில் ஒரு சத்தியம் செய்ய வைப்போம், "கள்ளுப் போத்தல் தூக்க மாட்டோம்" என்ற ஒரே வசனம் போதும் என்றேன். அவர் அப்போது காலைச் சாப்பாட்டில் இருந்தார். மனுசனுக்குக் கண் மின்னியது. ஒரு வசனமா? சத்தியம் என்றால் அதற்கு ஓசை வேண்டாமா? கையைக் கழுவிவிட்டு உட்கார்ந்தவர், மணி அடிக்கமுன் பாட்டாகவே எழுதிவிட்டார்.

"கள்ளைத் தொடோம், சாராயம் தொடோம்,
கள்ளுக் கலந்த பண்டமும் தொடோம்,
சுருட்டை நாடோம், கஞ்சா நாடோம்,
சுத்தம் பேணிச் சுகமாய் வாழ்வோம்."

போத்தல் எங்கே என்று கேட்டேன். போத்தல் என்ற சொல் செய்யுளுக்குள் வராதாம், வந்தால் ஓசை கெடுமாம். "கள்ளையே தொடாத பிள்ளை போத்தலை ஏன் தூக்கப்போகுது?" என்றார். அதற்குமேல் நான் வாதாடவில்லை. இரண்டாம் வரியை எழுதும்போது அவருடைய மீசையில் அப்பத் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நான் பார்த்தேன், அவருக்குச் சொல்ல வெட்கப்பட்டேன். இரண்டு படித்த ஆட்களுக்கும் அந்தத் துணுக்கு அங்கே இருந்தும் ஒன்றும் உறைக்கவில்லை.

பிள்ளைகளுக்குப் பாட்டு பிடித்துக்கொண்டது. கையை நீட்டிக்கொண்டு ரோட்டுக்குக் கேட்கக் கத்தினார்கள். சில நாளில் அந்த அப்பக்கார அக்காவின் மகள்தான் கையைத் தூக்கினாள்.

"ரீச்சர், அப்பத்துக்கும் கள்ளு விடுறதுதானே. அப்ப அப்பமும் தின்னக்கூடாதோ?"

நான் பெரிய வாத்தியாரைப் பார்த்தேன். கணக்கு வாத்தியார் மூக்குத்தூள் டப்பாவைத் திறந்தார். அவள் தன் கேள்விக்குத் தானே பதில் சொன்னாள்: "நான் இனித் தின்னமாட்டன்." அவள் ஒன்றைச் சொன்னால் மற்றவர்கள் பின்னால் போவார்கள். அன்றைக்கே அப்பம் பள்ளிக்கூடத்தை விட்டுத் தள்ளிவைக்கப்பட்டது.

அடுத்த காலை பிள்ளைகள் அந்த முடக்கால் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். வீட்டில் தாய்மார் சுட்ட அப்பத்தையும் தொடவில்லை. அப்பச்சட்டியைக் கண்டால் சத்தியப் பாட்டைப் பாடினார்களாம். அப்பக்கார அக்கா சுட்டது ஓலைக் கடகத்தில் மிஞ்சியது. மிஞ்சியதை நாய்களுக்குப் போட்டா. நாய்கள் சத்தியம் செய்யவில்லை. அதனால் அவை கொழுத்தன, என்னைக் கண்டு குரைப்பதையும் நிறுத்திவிட்டன.

பெரிய வாத்தியாரின் பாடுதான் பெரும்பாடு. இடைவேளையில் அவர் அப்பப் பெட்டியைத் திறந்தால் அரைச்சுவருக்கு மேலே வரிசையாகத் தலைகள் முளைக்கும். ஒன்றும் சொல்லமாட்டார்கள், பார்த்துக்கொண்டு நிற்பார்கள். கதிரையைத் திருப்பிப்போட்டுப் பார்த்தார், அந்தப் பக்கத்துச் சுவருக்கு மேலும் தலைகள். கடைசியில் அலுமாரிக் கதவைத் திறந்து அதற்குப் பின்னால் நின்று சாப்பிட்டார். கதவுக்குக் கீழே அவருடைய கால்களும் வேட்டிக் கரையும் தெரியும். மெல்லும் சத்தமும் கேட்கும்.

பொறுக்கமுடியாமல் ஒருநாள் எல்லாரையும் கூட்டி விளக்கம் கொடுத்தார். நெருப்பில் வெந்த பின் கள் கள்ளல்ல, அதன் குணம் எரிந்துபோகிறது, ஆகவே அப்பம் குற்றமற்றது என்றார். நல்ல விளக்கம் என்று நானும் நினைத்தேன். முன் வாங்கிலிருந்து ஒரு பையன் எழும்பினான்.

"ஐயா, சாராயமும் நெருப்பில காய்ச்சிறதுதானே?"

கணக்கு வாத்தியாருக்குச் சிரிப்பும் தும்மலும் சேர்ந்து வந்து அவர் வெளியே போகவேண்டியதாயிற்று. இரண்டாம் வரியை எடுத்துவிடுவோம் என்று நான் கெஞ்சினேன். எடுத்தால் பாட்டு நொண்டியாகிவிடும் என்று பெரிய வாத்தியார் மறுத்துவிட்டார். மறுத்துவிட்டுப் பசியோடு வகுப்புக்குப் போனார்.

இப்படி ஏழு நாள், ஒரு கிழமை போயிருக்கும். ஒரு காலை வழக்கம்போலப் பல் பார்த்துக்கொண்டு வந்தேன். உமிக்கரி வாசம், வேப்பங்குச்சி வாசம், பழஞ்சோற்று வாசம். புளித்த வாசம் ஒரு வாயிலும் இல்லை. அப்பம் போனதோடு அதுவும் போய்விட்டிருந்தது. பாட்டு ஏதோ ஒரு நன்மை செய்திருக்கிறதே என்று நினைத்துக்கொண்டே அப்பக்கார அக்காவின் மகளிடம் வந்தேன். அவள் வாயைத் திறந்தாள். அதே வாசம்.

நான் அவளைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்தாள். அப்பம் என்று இப்போது சொல்ல முடியாது என்பது அவளுக்குத் தெரிந்தது. வாயை மெல்ல மூடிக்கொண்டாள். அடுத்த பிள்ளைக்குப் போனேன், என்ன பார்த்தேன் என்றே தெரியவில்லை.

அன்றைக்கென்று பார்த்துத்தான் தாய் சண்டைக்கு வந்தா. முதலாம் பாடம் பாதியில் நின்றது. அரைச்சுவருக்கு அந்தப் பக்கம், இடுப்பில் மாச் சட்டியோடு நின்றா.

"ரீச்சர், வெளியில வாங்கோ. உங்களோட ஒரு கதை இருக்கு."

"பாடம் நடக்குது அக்கா."

"என்ர அடுப்பு எரியேல்லை, நீங்கள் பாடம் எண்டுறியள்."

வெளியே போனேன். சட்டியை என் மூக்குக்கு நேரே நீட்டினா. "கள்ளு விடாமல் இது என்னெண்டு பொங்கும்? உங்கட அம்மா என்னத்தை விட்டவா?"

"கள்ளுத்தான் விட்டவா."

"அதைத் திண்டு நீங்கள் வெறிகாரியாப் போனனீங்களோ? ரீச்சராத்தானே வந்திருக்கிறியள்."

எனக்குப் பின்னால் பெரிய வாத்தியார் வந்து நின்று ஓம் ஓம் என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். பாட்டு எழுதியவர் தான் என்பதை மட்டும் அவர் சொல்லவில்லை.

"ஊர்ப் பிள்ளையள்தான் போகட்டும்" என்றா அக்கா. "என்ர பெட்டையே என்ர அப்பத்தைத் தொடுறாளில்லை. கள்ளு மணக்குதாம். எனக்குச் சொல்லுறாள், கள்ளு மணக்குதாம்."

எனக்குக் கோபம் வந்துவிட்டது. அந்த அக்காவில் அல்ல. எல்லாரும் சேர்ந்து அப்பத்தைப் பற்றியே கதைத்துக்கொண்டிருக்கிறோமே என்ற கோபம். "உங்கட பிள்ளை அப்பம் திண்டு எவ்வளவு நாள் அக்கா?" என்று கேட்டேன்.

"ஒரு கிழமை. அதைத்தானே சொல்லுறன்."

"அப்ப அவளின்ர வாய் ஏன் இண்டைக்கும் மணக்குது?"

அக்காவுக்கு உடனே விளங்கவில்லை. பிறகு விளங்கியது. மாச் சட்டியைச் சுவரில் வைத்தா. மகளைப் பேர் சொல்லிக் கூப்பிட்டா. அவள் வந்தாள். "வாயைத் திற" என்றா. குனிந்து மணந்து பார்த்தா. அடிக்கப் போகிறா என்று நான் இடையில் போக ஆயத்தமாக நின்றேன். அவ அடிக்கவில்லை.

"குடிக்கிறனியோ?"

"இல்லையம்மா. குடிக்கிறதில்லை. சீவல்காரர் போத்தல் நிறைய வாத்துத் தருவார். நடக்கேக்கை வழியும். வழிஞ்சால் சட்டையில படும். பள்ளிக்கூடத்துக்கு ஊத்தைச் சட்டையோட வரக்கூடாது எண்டு ரீச்சர் சொன்னவா. அதுதான் வழியாமல் மேலால உறிஞ்சிறனான்."

சட்டை சுத்தமாகத்தான் இருந்தது. நல்லாய்த் தோய்த்த வெள்ளைச் சட்டை. அந்தச் சட்டைக்காக எத்தனையோ தரம் வகுப்பின் முன்னால் அவளை நிறுத்திப் பாராட்டியிருக்கிறேன்.

"மேலால மட்டுமோ?" என்று தாய் கேட்டா.

அவள் சட்டையின் கரையைப் பிடித்தாள். "முதல் மேலால மட்டும்தான். பிறகு கொஞ்சம் கூட." என் பக்கம் திரும்பினாள். "சத்தியம் பண்ணின பிறகு துப்பிப் பாத்தனான் ரீச்சர். துப்ப மனம் வரேல்லை."

ஒன்பது வயது. வகுப்பிலே எல்லாவற்றுக்கும் முதல் பதில் சொல்கிறவள் இதையும் உண்மையாகவே சொன்னாள். பெரிய வாத்தியார் தலையாட்டுவதை நிறுத்தி, நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"போத்தலை அவளின்ர கையில குடுத்தது நான்தானே" என்றா அக்கா. அதை எனக்கும் சொல்லவில்லை, மகளுக்கும் சொல்லவில்லை. சட்டியை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டா.

அடுத்த நாள் விடியப்புறம் நான் கிணற்றடியில் நின்றபோது ரோட்டால் போன ஆட்கள் என்னவோ கூடிக் கதைத்தார்கள். அப்பக்கார அக்கா போத்தலோடு சீவல்காரரின் மரத்தடிக்குத் தானே போய் நிற்கிறாவாம். ஊரில் நடவாத காரியம். அங்கே நின்ற ஆண்கள் சிலர் திரும்பி நின்றார்களாம், சிலர் குடித்ததைப் பாதியில் வைத்துவிட்டுப் போனார்களாம். சீவல்காரரே முட்டியை இறக்கி வைத்துவிட்டு, "அக்கா, நீங்கள் வராதேங்கோ, நான் வீட்டை கொண்டுவந்து தாறன்" என்றாராம். "அப்பத்துக்கு எண்டால் கொண்டுவாங்கோ" என்று அவ சொன்னாவாம். "மற்றது வேணும் எண்டால் குடிக்கிறவர் வந்து நிக்கட்டும்." இதை அவவின் புருசன் காதிலும் போட்டுவிட அங்கே ஆளுக்கா பஞ்சம்.

ஊர் அன்றோடு திருந்திவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சில வீடுகளில் போத்தல் கைமாறியது, சில வீடுகளில் மாறவில்லை. அவற்றுக்காக நான் வீடுவீடாக நடந்து நாய்களிடமும் தகப்பன்மாரிடமும் வாங்கிக்கட்டிக்கொண்டது வேறு கதை. பெரிய வாத்தியார் மட்டும், அக்கா மரத்தடிக்குப் போன அந்தக் காலையிலேயே, எனக்குச் சொல்லாமலே பாட்டின் இரண்டாம் வரியை வெட்டிவிட்டு, அந்த இடத்தில் "போத்தல் தூக்கோம், தூக்கச் சொன்னாலும் தூக்கோம்" என்று எழுதியிருந்தார். ஓசை கெட்டுத்தான் இருந்தது.

அந்தப் புதுப் பாட்டை அக்காவின் மகள் இல்லாமல்தான் பாடினோம். மணி அடித்து, பாடி, நகம் பார்த்து, பல் பார்த்து முடிந்தது. வாங்கில் அவளுடைய இடம் வெறுமையாக இருந்தது. தாய் அடித்திருப்பாவோ, படிப்பை நிறுத்திவிட்டாவோ, ஊருக்கு முன்னால் பிள்ளையை வெட்கப்படுத்திவிட்டேனோ என்று எனக்கு ஒன்றும் ஓடவில்லை. கரும்பலகையில் திகதியை எழுதினேன். ரோட்டைப் பார்த்தேன்.

முதலாம் பாடம் முடியப்போகும் நேரத்தில் ஓடிவந்தாள். ஒரு பக்கம்தான் பின்னியிருந்தது, மற்றப் பக்கம் அவிழ்ந்து கிடந்தது. கன்னத்தில் பாயின் கோடுகள் இன்னும் அழியவில்லை. பிந்தி வருகிற பிள்ளையை வாசலில் நிறுத்தி ஏசுவது என் வழக்கம். வகுப்பு அதற்காகக் காத்திருந்தது.

"ஏன் பிந்தினனி?"

"நித்திரையாப் போனன் ரீச்சர்" என்றாள், தானே நம்பமுடியாதவள் மாதிரி. "இண்டைக்கு ஒருத்தரும் என்னை எழுப்பேல்லை."

போய் இரு என்றேன். அழுகை வந்துவிட்டது. பிள்ளைகள் பார்க்கக்கூடாது என்று கரும்பலகைப் பக்கம் திரும்பி, எழுத வேறொன்றும் தோன்றாமல், திகதியை அழித்துவிட்டு அதே திகதியை மறுபடியும் எழுதினேன்.